எரிந்தது ஒன்று, எரித்தது வேறொன்று

“போர்டு போயிடுச்சும்மா. வேற வாங்கிக்குங்க.”

இந்த நாலு வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டாத வீடு குறைவு. இண்டக்‌ஷன் அடுப்பு ‘டப்’பென்று ஒரு சத்தம் போட்டு அணைந்துபோகும். வீட்டு மெயினும் கூடவே விழும். மறுநாள் அதைத் துணிப்பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் பிளக்கைச் செருகிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், தீர்ப்பு வந்துவிடும். அடுப்பு பரணுக்குப் போகும். சிறுவாட்டுப் பணம் புது அடுப்புக்குப் போகும்.

நான் அடுப்பு பழுதுபார்க்கிறவன். கூடுவாஞ்சேரியில் எட்டுக்குப் பத்தில் ஒரு கடை வைத்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பை அடுப்புக்காகவும் கேட்டிருக்கிறேன், எனக்காகவும் கேட்டிருக்கிறேன். இரண்டும் தவறு என்று மீட்டர் வைத்துக் கண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: போர்டு போவதில்லை! போர்டில் ஏதோ ஒன்று போகிறது. அது எது என்று தேடச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்த வார்த்தைதான் ‘போர்டு போயிடுச்சு’.

ஒரு தெருவில் ஒரு வீட்டின் கூரை பற்றிக்கொண்டால் தெருவே போய்விட்டது என்று யாராவது சொல்வார்களா? எந்த வீடு, எந்த அறை, அடுப்பா விளக்கா என்றுதானே கேட்போம்! கோளாறுக்கு முகவரி உண்டு தம்பி. முகவரி இல்லாத கோளாறை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. உன்னைப் பற்றி யாரோ சொன்னார்களே, ‘இவன் தேறமாட்டான்’ என்று, அவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். மூடியைக்கூடத் திறக்காமல் முழுப் போர்டையும் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். அது அவர்கள் குற்றம். ஆனால் நீயும் சேர்ந்து தலையாட்டினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் கதையைச் சொல்கிறேன், கேள்.

2012. பாலிடெக்னிக்கில் ஐந்து பேப்பர் அரியர் வைத்துவிட்டுப் பாதியில் நின்றவன் நான். ஒரு சர்வீஸ் கடையில் ஹெல்ப்பர் வேலை. மிக்சி, கிரைண்டர் கழுவிக் கொடுப்பது, டீ வாங்கி வருவது, சரி செய்த சாமான்களை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தச் செப்டம்பரில் மானிய விலை சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆறு சிலிண்டரில் எப்படி வருஷத்தை ஓட்டுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் போட்டார்கள். கேஸை மிச்சம் பிடிக்க இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியவர்கள் ஏராளம். கரண்ட்டோ அந்த வருஷம் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தால் ஏற்ற இறக்கத்தோடு வந்தது. வாங்கிய அடுப்புகள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வர ஆரம்பித்தன.

அப்படி வந்ததில் ஒன்று தையல்கார அக்கா ஒருவருடையது. துண்டில் பொதிந்து, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தார். “தம்பி, மகளிர் குழு லோன்ல வாங்கினது. இன்னும் நாலு தவணை கட்டணும். எப்படியாச்சும் பார்த்துக் குடுங்க” என்றார். முதலாளி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். “நான் பாக்குறேன்க்கா” என்று என் வாய் சொல்லிவிட்டது.

அடியில் ஆறு திருகாணி. கழற்றி மேல் கண்ணாடியைத் தூக்கினேன். நடுவில் கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுற்றிய தாமிரக் காயில். மயிரிழை போன்ற கம்பிகள் பலவற்றை முறுக்கி ஒன்றாக்கிய கம்பி. அதன் நெஞ்சில் வெள்ளைப் பசையோடு ஒரு சின்ன மணி, அதுதான் சூட்டை அறியும் சென்சார். ஓரத்தில் ஒரு காற்றாடி. அதன் எதிரில் அலுமினியத் தகடு. தகட்டின் அடியில் ஐஜிபிடி என்கிற, மூன்று கால் வைத்த கறுப்பு வில்லை ஒன்று முகம் பெயர்ந்து கிடந்தது. ஃபியூஸின் கண்ணாடிக் குழாய் பழைய லாந்தர் சிம்னி மாதிரி உள்ளுக்குள் கருத்திருந்தது. பக்கத்திலேயே கருகிப்போன ஒரு கரப்பான் பூச்சி.

பார்த்தவுடன் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். கரப்பான் ஏறியிருக்கிறது, ஷார்ட் ஆகியிருக்கிறது, வெடித்திருக்கிறது. முடிந்தது வழக்கு! போர்டைப் பிரஷ் போட்டுத் துடைத்தேன். கடையில் இருந்த புது ஃபியூஸ், புது பிரிட்ஜ், புது ஐஜிபிடி எல்லாம் எடுத்துப் பற்றவைத்தேன். மூடி, பிளக்கை நேராகச் சுவரில் செருகினேன். டிஸ்ப்ளே பளிச்சென்று எரிந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பாத்திரத்தை வைத்து பட்டனை அழுத்தினேன். காயில் ஒரு பத்து விநாடி முனகியது.

டப்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடை முழுக்க இருட்டு. கருகிய பிளாஸ்டிக் நாற்றம். அன்று சாயங்காலமே முதலாளி வந்துவிட்டார். இரண்டு முறை எரிந்த போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உனக்கு இது வராதுடா. விட்டுடு. டெலிவரியை மட்டும் பாரு” என்றார். சாமான் காசு 350 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம். அவர் கெட்டவர் இல்லை. பிற்பாடு பல நல்லது செய்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு என்னைத் திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்.

பாலிடெக்னிக்கில் ஒருவர் சொன்னதும் அதேதான். உனக்கு இது வராது. இரண்டு இடத்தில் ஒரே தீர்ப்பு. அன்றிரவு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அதை முழுசாக நம்பினேன். எனக்கு வராது, அவ்வளவுதான் என்று.

நள்ளிரவுக்கு மேல் ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்கு நான் இன்றும் கும்பிடு போடுகிறேன். புது ஐஜிபிடி எப்படிச் செத்தது? நான் பற்றவைத்தது சரி, கால் மாறவில்லை, பசை தடவியிருக்கிறேன். கரப்பானும் இல்லை. அப்படியானால் புதுசைக் கொன்றது யார்? பழசைக் கொன்றவனும் அவனேதானே! எரிந்து கிடந்தவனைப் பார்த்தேனே ஒழிய எரித்தவனைத் தேடவில்லையே நான்!

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மின்ரயில் ஏறி, ரிச்சி தெருவுக்குப் போனேன். எலக்ட்ரானிக் சாமான் என்றால் சென்னையில் அந்தத் தெருதான். ஆள் நுழைய இடமில்லாத சந்தில் ஒரு கடை, கல்லாவில் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். ஐஜிபிடி ஒன்று, பிரிட்ஜ் ஒன்று என்றேன். அவர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. “ஏற்கெனவே மாத்தி வெடிச்சுதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பதினெட்டு பாத்தியா?”

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு பழைய பில்லின் முதுகில் படம் போட்டுச் சொன்னார். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட், விநாடிக்கு நூறு தரம் திசை மாறுகிற கரண்ட். பிரிட்ஜ் அதை ஒரே திசையில் திருப்புகிறது. உச்சத்தில் 325 வோல்ட் இருக்கும். அதைக் காயில் வழியாக விநாடிக்கு இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் தரம் விட்டு விட்டு நிறுத்துவது ஐஜிபிடியின் வேலை. அந்த வேகத்தில்தான் காந்தப்புலம் துடித்து, பாத்திரத்தின் அடியிலேயே சுழல் மின்சாரம் பிறந்து, பாத்திரமே சூடாகிறது. சரி, ஐஜிபிடியைத் திற, மூடு என்று சொல்வது யார்? அதன் கேட்டுக்கு வரும் 18 வோல்ட்.

“கேட்டுன்னா கேட்டுதாம்பா. முழுசாத் திறந்தா கூட்டம் போயிடும். முழுசா மூடினா கூட்டம் நின்னுடும். பாதி திறந்து வச்சேன்னு வை, அத்தனை கூட்டமும் கேட்டு மேலேயே மோதும். கேட்டு பேந்துடும். பதினெட்டு வர்ற எடத்துல பத்து பதினொண்ணு வந்தா, அது பாதி திறந்த கேட்டு. நீ நூறு ஐஜிபிடி போட்டாலும் வெடிக்கும்.”

இதை முப்பது வருஷ மேடைப் பேச்சில் எந்தப் பேச்சாளர் சொல்லியிருந்தாலும் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். ஐந்து ரூபாய்ச் சாமான் விற்கும் கல்லாவிலிருந்து அது வந்தது. வேறொன்றும் கற்றுக்கொடுத்தார், அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் அடுப்பைப் பிரித்து 18 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மீட்டரை வைத்தேன். 11.4. அதுவும் நிலையாக நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளேவுக்கு 5 வோல்ட் போதும், அதனால்தான் அது பளிச்சென்று எரிந்து என்னை ஏமாற்றியது. தேடினேன். சின்ன கெபாசிட்டர் ஒன்றின் தலை, விரலால் தடவினால்தான் தெரிகிற அளவுக்கு உப்பியிருந்தது. 220 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். காற்றாடி இருந்தும் தகட்டுச் சூட்டில் உலர்ந்துபோன சாமான். விலை ஐந்து ரூபாய். அதை மாற்றினேன். மீட்டரில் 18.1.

கரப்பான் பூச்சி குற்றவாளி இல்லை. செத்துக் கிடந்தது, அவ்வளவுதான். கண்ணுக்கு முதலில் பட்டதைக் காரணம் என்று முடிவு கட்டியது என் அவசரம்.

அக்கா அடுப்பில் தண்ணீர் கொதித்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த ‘ம்ம்ம்’ என்ற முனகல் என் காதுக்கு நாகஸ்வரமாக இருந்தது, அது போதும்.

இப்போது என் ஐந்து அரியருக்கு வா. அந்த அடுப்பைச் சரிசெய்த வாரமே நோட்டை எடுத்து அதையும் பிரித்துப் போட்டேன். எரிந்தது ஐந்து பேப்பர். எரித்தது எது? பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன் நான். கணக்கில் 87 வாங்கியவன். முதல் வருஷ வகுப்பில் மொத்தமும் ஆங்கிலம். முதல் நாள் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் தலையாட்டினான், நானும் ஆட்டினேன். கேட்க வெட்கம். பாதி புரிந்ததைப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். பதினெட்டு வரவேண்டிய இடத்தில் பதினொன்று வந்துகொண்டிருந்தது தம்பி! மூளை போகவில்லை. போர்டு போகவில்லை. மொழி என்ற ஒரு கெபாசிட்டர் உப்பியிருந்தது. ஒரு அகராதியும், சந்தேகம் கேட்டால் சிரிக்காத ஒரு சீனியர் அண்ணனும் கிடைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் ஐந்தையும் முடித்தேன்.

அதனால் சொல்கிறேன், ‘நான் தோற்றவன்’ என்று இனி சொல்லாதே! எதில் தோற்றாய் என்று சொல். எந்த வாரம் ஆரம்பித்தது என்று சொல். கடை நஷ்டம் என்றால் எந்தச் சரக்கில் நஷ்டம்? நேர்முகத் தேர்வில் விழுந்தாய் என்றால் எந்தக் கேள்வியில் நாக்கு ஒட்டிக்கொண்டது? பேப்பரை எடு, எழுது, வரி வரியாகப் பிரி. மொத்தமாக அழுகிறவனுக்கு எந்த மெக்கானிக்கும் உதவ முடியாது. முகவரி சொல்கிறவனுக்கு ஐந்து ரூபாயில் வேலை முடியும்.

அரைமனசோடு நிற்காதே என்பதும் அதனால்தான். பாதி திறந்த கேட்டைத்தான் கூட்டம் பெயர்க்கும். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாயா, படி. வேண்டாமா, துணிந்து மூடிவிட்டு வேலைக்குப் போ. காலையில் புத்தகமும் மத்தியானம் சந்தேகமும் ராத்திரி சுயபச்சாதாபமுமாக மூன்று வருஷம் நிற்கிறாயே, அங்கேதான் நீ சூடேறிக் கருகுகிறாய். உழைப்பால் கருகியவனை நான் பார்த்ததில்லை.

பெரியவர் கற்றுக்கொடுத்த இன்னொன்றுக்கு வருகிறேன். சீரிஸ் பல்பு.

ஒரு மரப்பலகை. ஒரு ஹோல்டர், அதில் நூறு வாட் குண்டு பல்பு. எல்இடி கூடாது, இழை எரிகிற பழைய பல்புதான் வேண்டும். ஒரு பிளக் பாயிண்ட். கரண்ட் பல்பு வழியாகப் போய்த்தான் அடுப்புக்குச் சேரும்படி ஒயர் மாட்ட வேண்டும். பழுதுபார்த்த அடுப்பை நேராகச் சுவரில் செருகாமல் முதலில் இதில் செருகு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். வெடிக்காது, எதுவும் கருகாது. சுமையைப் பல்பு வாங்கிக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் பல்பு ஒரு தரம் மின்னி அணைந்துவிடும். அப்புறம் 18 பார், 5 பார், ஐஜிபிடியின் கேட்டில் பூஜ்யம் நிற்கிறதா பார். அதற்கப்புறம்தான் நேர் கரண்ட்.

அன்று இந்தப் பல்பு என்னிடம் இருந்திருந்தால் 350 ரூபாயும் போயிருக்காது, அந்த ‘வராதுடா’வும் வந்திருக்காது. ஆனால் இந்தப் பல்பைத் தெரிந்துகொண்டதே அந்த ‘டப்’பினால்தான்.

தன்னம்பிக்கை என்றால் நேராகச் சுவரில் செருகுகிற தைரியம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கையில் இருக்கும் முழுப் பணத்தையும் ஒரே நாளில் போட்டு ஹோட்டல் திறக்கிறவன், பார், எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்கிறான். அது நம்பிக்கை இல்லை ஐயா, பொறுமையின்மை! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வாசலில் ஒரு மேசை போட்டு இருபது பேருக்கு இடியாப்பம் விற்றுப் பார்க்கிற அம்மா இருக்கிறார்களே, அவர்கள் சீரிஸ் பல்பு மாட்டியிருக்கிறார்கள். தப்பு இருந்தால் இருபது தட்டோடு போகும். திருத்திக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடி மேசை போடுவார்கள். எத்தனை தரம் வேண்டுமானாலும் தோற்கிற வசதியைத் தனக்கே செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாவைப் பார்த்து நான் வியக்கிறேன்.

நீ கை வைக்கிற அந்த அடுப்பில் யார் யாருடைய உழைப்பு இருக்கிறது தெரியுமா? மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதே, கொதிக்கிற சட்டியை வைத்தாலும், அதன் மேல் தண்ணீர் சிந்தினாலும் சூட்டு வித்தியாசத்தில் விரிசல் விடாத கண்ணாடி. அதன் பிறப்பே ஒரு கோளாறில்தான். 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நகரத்து ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரிச் சூட்டில் வைத்தார். உலையின் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டுப்போய்ச் சூடு 900-க்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி உலையே பாழாகியிருக்கும் என்றுதான் அவரும் பயந்தார். ஆனால் கதவைத் திறந்தார். உள்ளே உருகாத வெள்ளைத் தகடு ஒன்று. குறடால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை, உலோகம் மாதிரி ஒலித்தது! அந்தக் கண்ணாடி-பீங்கான் குடும்பத்தில் வந்ததுதான் நம் அடுப்பின் முகம். கெட்டுப்போன உலையைத் திட்டிவிட்டு, உள்ளே இருந்ததைப் பார்க்காமல் குப்பையில் கொட்டியிருந்தால்? அவர் பெரிய ஆள் ஆனது திறந்து பார்த்ததால். நீ உன் கெட்டுப்போன வருஷத்தைத் திறந்து பார்த்தாயா?

வெடித்ததே அந்த மூன்று கால் வில்லை, ஐஜிபிடி, அதன் கதையைக் கேட்டால் உனக்கு ரோமம் சிலிர்க்க வேண்டும். எளிதாகத் திறந்து மூடக்கூடிய ஒரு வகை, பெரிய கரண்ட்டைத் தாங்கக்கூடிய இன்னொரு வகை, இரண்டையும் ஒரே சில்லில் கூட்டிச் சேர்த்து, 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அதை உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. 1948-இல் சென்னையில் பிறந்தவர். பெங்களூரில் வளர்ந்து, 1969-இல் சென்னை ஐஐடியில் பி.டெக். முடித்தவர். இன்று மின்சாரக் கார், ரயில் இன்ஜின், ஏசி என எங்கும் அந்தச் சில்லு உழைக்கிறது. 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. கருகிய ஐஜிபிடியைப் பையில் போட்டுக்கொண்டு நான் ரிச்சி தெருவுக்குப் போன அந்த மின்ரயில், கிண்டியைத் தாண்டித்தான் போனது. என் பையில் இருப்பதை உருவாக்கியவர் படித்த இடத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஜன்னலோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சரி, கை பரபரக்கிறதா? நல்லது. ஆனால் ஆவேசத்தோடு ஒழுக்கமும் வேண்டும், ஏனென்றால் இந்தப் போர்டில் உயிர் போகும். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்காதே. பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் மிச்ச வோல்ட் இருக்கும். மீட்டர் வைத்துப் பார், பல்பைக் காட்டி வடித்துவிடு. கரண்ட் ஓடும்போது அலுமினியத் தகட்டைத் தொடாதே. பல அடுப்புகளில் அந்தத் தகடே மின்சாரத்தோடுதான் நிற்கும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் போடு. செம்புக் கம்பி சுற்றுகிறவனை நான் கடையில் சேர்த்துக்கொள்வதில்லை. கண்ணாடியில் விரிசல் கண்டால் அடுப்பை அன்றைக்கே நிறுத்து. மைக்ரோகண்ட்ரோலர் சில்லே போயிருந்தால் அப்போது போர்டு மாற்று, அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமை முழுசாக அளந்து பார்த்தவனுக்குத்தான் உண்டு. மீட்டர் பிடிக்கத் தெரியாதென்றால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் பார். கேட்கக் கூச்சப்படாதே. கூச்சம் என்ன செய்யும் என்று என் அரியர் கதையில் பார்த்தாய்.

எல்லாக் கோளாறும் வெடிக்காது என்பதையும் தெரிந்துகொள். போன மாதம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் அடுப்பு வந்தது. நாலு நிமிஷம் ஓடும், சூடு அதிகம் என்ற பிழை எண் காட்டி நிற்கும். இரண்டு கடையில் போர்டு என்று சொல்லிவிட்டார்களாம். என்னிடம் வேலை கற்கும் தங்கச்சியிடம் கொடுத்தேன். பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் அப்பா காலமாகி, கல்லூரியை நிறுத்தியவள். வந்த புதிதில் என்ன கேட்டாலும் “எனக்குத் தெரியாதுண்ணே” என்பாள். தலை நிமிராது.

அவள் காயிலின் நடுவிலிருந்த அந்தச் சின்ன மணியைக் கழற்றினாள். மீட்டரில் 71 கிலோ ஓம். இரண்டு விரலால் மெல்லப் பிடித்தாள். 70, 69, 68, 66. உடம்புச் சூட்டுக்கு எண் இறங்கிக்கொண்டே வந்தது. “அண்ணே, இது உயிரோட இருக்கு. என் விரல் சூடு இதுக்குத் தெரியுது” என்றாள். அந்தச் சொல்லை நான் மறக்கமாட்டேன். சென்சார் நல்லதென்றால் அது ஏன் சூடு அதிகம் என்று சொல்கிறது? நான் வாய் திறக்கவில்லை. அவள் காற்றாடியைச் சுற்றிவிட்டுப் பார்த்தாள். கனமாக நின்றது. அச்சில் ஒட்டடையும் எண்ணெய்ப் பிசுக்கும் கெட்டியாகப் பிடித்திருந்தன. காற்றாடி பாதி வேகத்தில் சுற்ற, தகடு நிஜமாகவே சூடேற, தகட்டிலிருந்த இன்னொரு சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. உண்மை சொன்னவனைத்தான் இரண்டு கடையில் குற்றவாளியாக்கியிருக்கிறார்கள்! சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். ஆசிரியை கூலியோடு ஒரு சம்படம் நிறைய முறுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிறகு ‘தெரியாதுண்ணே’ குறைந்துவிட்டது. ‘பாத்துட்டுச் சொல்றேண்ணே’ வந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் அவளிடம் வெடித்த அடுப்பு ஒன்று வந்தது. பிரிட்ஜ், ஐஜிபிடி, ஃபியூஸ் மூன்றும் போயிருந்தன. நான் வேறொரு வேலையில் இருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. ஈயம் உருகுகிற வாசனை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பலகையில் சுவிட்ச் போடும் சத்தம். சீரிஸ் பல்பு ஒரு தரம் மின்னி, அணைந்தது.

“அண்ணே, காயிலை மாட்டட்டுமா?”

“பதினெட்டு பாத்தியா?” என்றேன்.

“பாத்துட்டேண்ணே. பதினெட்டு புள்ளி ரெண்டு.”